கிறிஸ்டல் கேட்ட கேள்வியும் என் வலது கையும்

அருவருப்பு தாங்காதவர்கள் சாப்பிடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுவது நல்லது. சாப்பிட்ட பிறகு படித்து ஏதாவது நேர்ந்தால் நான் பொறுப்பில்லை. கை சரியானதிலிருந்து பஸ் ஸ்டாண்டானாலும் சரி, பிள்ளையார்பாளையமானாலும் சரி, "இன்னாப்பா ஆச்சு உன் கைக்கு?" என்று சைக்கிளை நிறுத்திக் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். எழுதுவது அந்தக் கைதான். எழுத்து கோணலாக இருந்தால் அது கையின் குற்றமில்லை, பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான்.

என் தொழில் மைக் செட். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் உற்சவம் என்று காஞ்சிபுரத்தில் எங்கே காது வலித்தாலும் அதில் எனக்கு ஒரு பங்கு உண்டு. மைக் செட்காரனுக்குப் பெரிய பயம் குழாய் திருடு போவது. குழாய் என்றால் மூங்கிலில் கட்டுகிறோமே, அந்தக் கூம்பு ஸ்பீக்கர். அதனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம்: கண்ணை மூடினால் குழாயின் கழுத்தில் ஒரு கையைக் கோத்துக்கொண்டுதான் மூடுவோம். பெண்டாட்டியைக்கூட அப்படிக் கட்டிக்கொண்டு தூங்கியதில்லை.

கருட சேவை முடிந்த மத்தியானம் மாட்டு வண்டியில் சாமான்களோடு படுத்தேன். வலது கையைக் குழாயில் கோத்திருந்தேன். அதன் விளிம்பு மேல்கையின் பின்பக்கத்தில் அழுந்திக்கொண்டே இருந்திருக்கிறது. வண்டி வீட்டு வாசலில் நின்றதும் எழுந்து பார்த்தால் குழாய் பத்திரமாக இருந்தது. கைதான் போய்விட்டது. மணிக்கட்டிலிருந்து கீழே செத்த விரால் மாதிரி தொங்கியது. மேலே தூக்கு என்றால் தூக்கவில்லை. விரலை நீட்டு என்றால் நீட்டவில்லை. கட்டைவிரலுக்குப் பின்னால் கிள்ளிப் பார்த்தேன். யாரோ மூன்றாவது மனுஷனைக் கிள்ளுகிற மாதிரி இருந்தது.

பக்கவாதம் என்று முடிவு கட்டிவிட்டேன். ஓடிப்போய்க் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தேன், விசிலடித்தேன், நாக்கை நீட்டினேன். வாய் கோணவில்லை. அப்படியும் நம்பிக்கை வரவில்லை. கோணாதது போலத் தெரிவதே வாதத்தின் தந்திரமாக இருக்கலாமே!

என் மனைவி சம்பூர்ணம் எட்டிப் பார்த்தாள். "இன்னாத்துக்குக் கண்ணாடிகிட்ட இளிச்சிக்கினு நிக்கிறீங்க?"

"நான் போயிட்டா பெரிய ஆம்ப்ளிஃபயரை உன் தம்பிகிட்ட குடுக்காதே" என்றேன்.

"எங்க போறீங்க? மாடு இன்னும் வண்டியிலேதான் பூட்டியிருக்குது" என்றாள்.

கை தொங்குவதைப் பார்த்த பிறகு அவள் கிண்டல் நின்றது. அது எனக்கு இன்னும் பயமாகப் போயிற்று.

முதல் இரண்டு நாட்கள் ஊரிலேயே எண்ணெய். ஒரு வைத்தியர் தடவிய எண்ணெயின் நாற்றத்தில் எங்கள் தெரு நாய் என்னைக் கண்டு ஒதுங்கிப் போயிற்று. ஆனால் நாற்றம் பெரிதில்லை. சாப்பாடுதான் பெரிய விவகாரம். நம் ஊரில் வலது கை சாப்பிட, இடது கை கழுவ. பிறந்தது முதல் பாகம் பிரித்துக்கொடுத்த சொத்து. இப்போது ஒருவன் செத்துவிட்டால் இரண்டு வேலையும் ஒருவன் தலையில். காலையில் கொல்லைக்குப் போய்விட்டு வந்த அதே கை இட்லியைப் பிய்க்க வருகிறது. சோப்புப் போட்டேன், சாம்பல் போட்டேன், சீயக்காய் போட்டேன். கை வாயருகே வந்ததும் இட்லியைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். ஸ்பூன் வைத்துப் பார்த்தேன். ஸ்பூனைப் பிடித்திருப்பதும் அதே கைதானே!

சம்பூர்ணம் சோற்றைப் பிசைந்து ஊட்ட ஆரம்பித்தாள். நாற்பத்தைந்து வயது ஆம்பிளை, கோழிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ரசம் தாடையில் வழிந்தால் முந்தானையால் துடைத்தாள். அவள் துடைத்ததும் அதே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டதும் எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளுக்கு இல்லை.

பிறகு சென்னைக்குப் போனோம். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி. அங்கே வைத்தியம் இலவசம். காத்திருப்பதற்குத்தான் விலை. பெஞ்சில் எனக்கு இடப்பக்கம் இருந்தவர் காலில் கட்டு. கட்டிலிருந்து மஞ்சளாக ஒன்று கசிந்து என் வேட்டிப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. வலப்பக்கம் ஒரு குழந்தை குடித்த பாலை எல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. நடுவில் பினாயில் வாசனை. அது நாற்றத்தைக் கொல்வதில்லை, அதற்கு மாலை போடுகிறது, அவ்வளவுதான்.

நரம்புப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, பெரிய கண்ணாடி. என் முழங்கைக்கு மேலே விரலை ஓட்டிக் காட்டினார். "பாருங்க, கழுத்திலேர்ந்து வர்ற ஒரு நரம்பு இந்த எலும்பைப் பின்பக்கமா சுத்திக்கிட்டுக் கீழே போகுது. அதுக்குப் பேர் ரேடியல். மணிக்கட்டையும் விரலையும் மேலே தூக்கறது அதோட வேலை. நீங்க அதை எலும்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல வெச்சு நசுக்கிட்டீங்க."

"வாதம் இல்லீங்களா?"

"இல்லை."

சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. வாதம் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டதே.

"நசுங்கின நரம்பு ரெண்டு விதம்" என்றார். "ஒண்ணு உள்ளே அறுந்து போனது. இன்னொண்ணு தூங்கறது. தூங்கினா தானா எழுந்திருக்கும். அறுந்திருந்தா ஆபரேஷன். எதுன்னு கண்டுபிடிக்கணும்."

அதற்கு ஒரு கரண்டு மெஷின். உப்புத் தண்ணீரில் நனைத்த துணிப் பட்டையைக் கையில் வைத்துக் கரண்டு விடுவார்கள். அந்தப் பட்டை அன்றைக்குக் காலையிலிருந்து எத்தனை பேர் அக்குளையும் தொடையையும் பார்த்ததோ, கசிந்த வெல்லம் மாதிரி பிசுபிசுத்தது. நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை நீட்டிய நேரம் பார்த்து மின்வெட்டு. மெஷின் படுத்தது, மின்விசிறி நின்றது, ஈக்கள் மட்டும் வேலையைத் தொடர்ந்தன.

டாக்டரம்மா மேசை டிராயரிலிருந்து பித்தளைக் குழல் ஒன்றை எடுத்தார். கட்டைவிரல் பருமன். ஒரு முனையில் அமுக்குகிற பொத்தான், மறுமுனையில் சின்னக் குமிழ், அதிலிருந்து ஒரு ஒயர். "எங்க அண்ணன் காலேஜில பௌதிகம் சொல்லிக் குடுக்கறார். எனக்காகச் செஞ்சது. உள்ளே ரெண்டு கிறிஸ்டல் இருக்கு. பொத்தானை அமுக்கினா ஸ்பிரிங் வெச்ச சுத்தியல் கிறிஸ்டலைத் தட்டும். அடி பட்டா கிறிஸ்டல் கரண்டைக் கக்கும். பேட்டரி வேண்டாம், பிளக் வேண்டாம். பீசோ எலெக்ட்ரிக்னு பேர்."

"எங்க பிக்கப்பிலே இருக்கறதுதாங்க அது!" என்று குதித்தேன். ரெக்கார்டில் முள் ஓடும்போது பிக்கப்புக்குள் இருக்கும் கிறிஸ்டல் நசுங்கி நசுங்கித்தான் பாட்டைக் கரண்டாக்குகிறது. இருபது வருஷமாக அதோடு குடும்பம் நடத்துகிறவன் நான்.

முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, நரம்பு தோலுக்குப் பக்கத்தில் வரும் இடத்தில் குமிழை வைத்து அமுக்கினார். டிக். தொங்கிக்கொண்டிருந்த என் மணிக்கட்டு துள்ளிக்கொண்டு மேலே எழுந்து மறுபடி விழுந்தது. டிக். எழுந்து விழுந்தது.

"சரியாயிடுச்சு!" என்று கத்தினேன்.

"இல்லை. நரம்பு அறுந்திருந்தாலும் கீழ்ப்பாதி சாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால இன்னிக்கு வர்ற பதிலை நம்ப முடியாது. ரெண்டு வாரம் கழிச்சு இதே இடத்துல கேக்கறேன். அப்பவும் துள்ளினா நரம்பு உயிரோட இருக்கு, ஆபரேஷனே வேண்டாம். துள்ளலேன்னா பெரிய டாக்டர் பிரிச்சுப் பாக்க வேண்டியதுதான். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. இது வைத்தியம் இல்லை. வெறும் கேள்வி."

இது எனக்குப் புரியாமல் இல்லை. குழாய் பேசாவிட்டால் ஒயரைக் கழற்றி அதன் வாயில் டார்ச் செல்லைத் தொட்டுப் பார்ப்போம். டொக் என்றால் குழாய் நல்லது, ஒயரில்தான் கோளாறு. அந்த டொக்கால் இதுவரை ஒரு குழாயும் ரிப்பேர் ஆனதில்லை. இது தெரிந்தவன்தான் நான். ஆனால் பயந்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலேயே இறங்கிப் போய்விடுகிறது. ஒரு டிக்குக்கு இவ்வளவு துள்ளினால், நாள் முழுக்க டிக் கொடுத்தால் எவ்வளவு துள்ளும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன்.

வீட்டில் பழைய பிக்கப் கிறிஸ்டல்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. நல்லதாக ஒன்றைப் பிளேயரில் மாட்டி, அதன் ஒயரை உப்புத் துணியில் சுற்றி, டாக்டரம்மா தொட்ட அதே இடத்தில் கட்டவைத்தேன். கட்டியது என் மைத்துனன் தேவராசு. ஐயம்பேட்டையில் தறி நெய்கிறவன். ஒரு இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டே முடிச்சுப் போடுவான். கரண்டு விஷயத்தில் அவனுக்குத் தெரிந்தது சுவிட்சு ஒன்றுதான்.

நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டோம். கையில் ஒன்றுமில்லை. ஒயரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். நாக்குக்கே தெரியவில்லை.

"கிறிஸ்டல் சத்தம் பூனை சத்தம்டா. ஆம்ப்ளிஃபயர்ல குடுத்தாத்தான் ஊருக்குக் கேக்கும்" என்றேன்.

"மாமா, டாக்டரம்மா இது வைத்தியம் இல்லைன்னாங்களே?"

"டாக்டரம்மாவுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பத்தி இன்னாடா தெரியும்? குழாய்க்குப் போற லைனைக் கையிலே குடு. சவுண்டைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பு."

நாதஸ்வரம் இழைந்துகொண்டிருந்தவரை கையில் எறும்பு ஊர்ந்தது. சுகமாக இருந்தது. "இன்னும் திருப்பு" என்றேன். திருப்பினான். ரெக்கார்டில் தவில்காரர் சேர்ந்துகொள்ளும் இடம் வரும் என்பதை நாங்கள் இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

அவர் முதல் அடி அடித்தார். நான் சுவரில் போய் அடித்தேன். இரண்டாவது அடிக்குத் தேவராசு "அக்கா!" என்று கத்தினான். சம்பூர்ணம் வந்து பிளக்கைப் பிடுங்குவதற்குள் தனி ஆவர்த்தனமே நடந்துவிட்டது. முடி கருகிய நாற்றம். மேல்கையில் ஒயர் கிடந்த இடத்தில் தோல் வெந்து வெளுத்திருந்தது.

"நரம்பு முழிச்சுதா?" என்று கேட்டாள் சம்பூர்ணம். கேட்ட தொனியில் தேவராசு கொல்லைப்பக்கமாக நழுவினான்.

கொப்புளம் உடைந்தது, சீழ் பிடித்தது. காய்ச்சலோடு அதே ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்த்தார்கள். டாக்டரம்மா புண்ணைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டு வாரம் கழிச்சு நான் தொட வேண்டிய இடம் இது ஒண்ணுதான். நசுங்கின இடத்துக்குக் கீழே இங்கேதான் நரம்பு கைக்கு எட்டும். அதையே எரிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. இந்தச் சீழ் மேல எதை வெச்சுக் கேக்கறது?"

"மேலே, அக்குள்கிட்ட வெச்சுக் கேக்கக் கூடாதுங்களா?"

"நடுவுல அடைச்சிருக்கே. அங்கேர்ந்து கூப்பிட்டா தூங்கறவனுக்கும் கேக்காது, செத்தவனுக்கும் கேக்காது."

அந்த இரண்டு வாரமும் ஆயிற்று, புண் ஆறுகிற வழியாக இல்லை. பெரிய டாக்டர் காத்திருக்க விரும்பவில்லை. கேட்க முடியாவிட்டால் பிரித்துப் பார்த்துவிடலாம், புண் கொஞ்சம் வற்றியதும் வியாழக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டரம்மா மட்டும் எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "தூங்கற நரம்பா இருந்தா, பிரிக்கறப்பவே அதுக்கு அடி படலாம். ஏதாவது ஒரு அசைவு தெரிஞ்சாச் சொல்லுங்க. சின்னதா இருந்தாலும் சொல்லுங்க."

அன்றிலிருந்து நான் என் வலது கையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். இரண்டு வேளை சீழைத் துடைத்துப் பஞ்சைப் பேசினில் போடுவார்கள். அந்தப் பேசின் கட்டில் கட்டிலாக வந்து நிரம்பி வழிய என்னிடம் வரும். கக்கூஸைப் பற்றி எழுதப்போவதில்லை. அங்கே போய்விட்டு வந்தவன் மனுஷ ஜாதி மேலேயே மரியாதை இழந்துவிடுவான், அவ்வளவுதான்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர். நெஞ்சுச் சளி. காறிக் காறி ஒரு மூடி போட்ட குவளையில் துப்புவார். துப்பியதோடு விடமாட்டார். மூடியைத் திறந்து வெளிச்சத்தில் காட்டி, "இன்னிக்குக் கொஞ்சம் வெளுத்துக்கினு வருதுல்ல?" என்று என்னிடமே அபிப்பிராயம் கேட்பார். ஆனால் தங்கமான மனுஷர். சம்பூர்ணம் வரத் தாமதமான ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரிச் சோறு என் முன்னால் ஆறிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். குவளையைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். என் தட்டை எடுத்துப் பிசைந்தார்.

"வாயைத் தொற சாரு. கூச்சப்படாதே. எனக்கும் அண்ணன் தம்பிங்க கீறாங்க."

அந்த அன்புக்கு முன்னால் வாயை மூடிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. திறந்தேன். விழுங்கினேன். அந்தக் கவளம் இன்றைக்கும் தொண்டையில்தான் நிற்கிறது. அப்போதுதான் நிஜமாகவே பயந்தேன். வியாழக்கிழமை அந்த நரம்பு போய்விட்டால் இனிமேல் ஆயுசு முழுக்க எவன் பிசைந்தாலும் வாயைத் திறக்கவேண்டியவன் நான். இல்லாவிட்டால் அந்த இடது கை. எதற்கும் வேடிக்கை பேசுகிறவனுக்கு அன்று ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன்.

புதன்கிழமை பார்வையாளர் நேரத்தில் சம்பூர்ணம் வந்தாள், பின்னால் தேவராசு. தவில் சம்பவத்துக்குப் பிறகு அவன் என் கண்ணில் படவில்லை. கையில் மஞ்சள் துணிப்பை. பை தானாக அசைந்தது.

"மாமா, சத்தம் போடாதீங்க. புறா."

"புறா எதுக்குடா?"

"கை செத்துப்போனா புறா ரத்தம்தான் மருந்தாம். சூடா இருக்கறப்பவே தடவிடணும். முசரவாக்கத்துல ஒர்த்தரு எழுந்து நடக்கறாரு." மடியிலிருந்து சவர பிளேடை எடுத்தான்.

"ஆஸ்பத்திரியிலே வெச்சா?" என்றாள் சம்பூர்ணம். "டேய், இதுக்குத்தான் பையை என்கிட்ட காட்டாம வந்தியா? பஸ்ஸிலே என் மடியிலே வேற வெச்சியேடா!"

கண்டக்டர் எழுந்து உட்கார்ந்தார். "ரத்தத்துக்குக் கீழே என் குவளை வேணுமா தம்பி?"

தேவராசு பையைத் திறந்தான். புறா வெளியே பாய்ந்தது. அவன் அதன் காலைப் பிடித்துவிட்டான். அது என் கட்டிலுக்கு மேலே தலைகீழாக இறக்கையை அடித்துக்கொண்டு, பயத்தில், பச்சையும் வெள்ளையுமாகப் பெய்தது. எல்லாம் என் வலது புறங்கை மேல். அந்த இடத்தில் எனக்கு உணர்ச்சியே கிடையாது. சூடும் தெரியவில்லை, ஈரமும் தெரியவில்லை. கண்தான் பார்த்தது. அது விரல் இடுக்கை நோக்கி வழிந்தது. "சீ!" என்று உதறினேன்.

கை உதறிற்று.

மணிக்கட்டு மேலே எழும்பி, எச்சம் தேவராசு சட்டையில் போய் விழுந்தது. அவன் பிடியை விட்டான். புறா ஜன்னல் வழியாகப் போய்விட்டது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் என் கையையே பார்த்தோம்.

"மறுபடி தூக்குங்க" என்றாள் சம்பூர்ணம். அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

தூக்கினேன். எழவில்லை. பல்லைக் கடித்தேன். ஒன்றுமில்லை. கண்டக்டர் உற்சாகத்தில் குவளையைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதற்கும் எழவில்லை. அதற்குள் எனக்கு அது பழகிவிட்டது போலிருக்கிறது.

சம்பூர்ணம் ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் மெத்தையில் கிடந்த இறகையோ தேவராசுவின் சட்டையையோ பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நிஜமா தூக்கினீங்களா? நாலு பேர் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். "அப்படீன்னா அடைப்பு விடுது. இப்ப மேலேர்ந்து கூப்பிட்டுப் பாக்கலாம்."

பித்தளைக் குழலை எடுத்து, புண்ணுக்கு வெகு மேலே, அக்குளுக்குப் பக்கத்தில் பின்பக்கமாகக் குமிழை அழுத்தினார்.

டிக். ஒன்றுமில்லை.

குமிழைக் கொஞ்சம் நகர்த்தினார். டிக். ஒன்றுமில்லை. கண்டக்டர் இருமலை அடக்கிக்கொண்டிருந்தார். சம்பூர்ணம் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். இன்னும் ஒரு விரல்கடை நகர்த்தி, நன்றாக அழுத்தி, டிக்.

மணிக்கட்டு எழுந்தது. துள்ளல் இல்லை. சோம்பேறி படுக்கையிலிருந்து எழுவது போல அரைகுறையாக எழுந்து விழுந்தது. இன்னொரு டிக்குக்கு இன்னொரு தரம்.

"நாளைக்கு ஆபரேஷன் இல்லை" என்றார் டாக்டரம்மா. பெரிய டாக்டரை அப்போதே அழைத்து வந்து காட்டினார். அவர் ஒரு டிக்கைப் பார்த்தார், தலையை ஆட்டினார், போனார்.

புறாதான் குணப்படுத்தியது என்று தேவராசு ஐயம்பேட்டை முழுக்கச் சொல்லியிருக்கிறான். நரம்பு அதற்கு முன்னாலேயே எழுந்திருக்கத் தொடங்கிவிட்டது, நீங்கள் அன்றைக்குத்தான் கவனித்தீர்கள் என்பது டாக்டரம்மாவின் கட்சி. நான் டாக்டரம்மா கட்சி. எனக்கு மீதி இருக்கிற மரியாதைக்கு அதுதான் நல்லது.

ஊருக்கு வந்த பிறகு கை மெல்ல மெல்ல வந்தது. முதலில் மணிக்கட்டு, பிறகு விரல்கள், கடைசியில் கட்டைவிரல். சோற்றைப் பிசைகிற அளவுக்குத் தேறிய பிறகும் நான் அதைச் சொல்லவில்லை. தட்டு முன்னால் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். சம்பூர்ணமும் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் கவளத்தை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். "இன்னும் கை வரலீங்களா?"

"வரலைம்மா" என்றேன்.

"பாவம்" என்றாள். கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். "டேய் தேவராசு! உள்ள வா. மாமாவுக்கு இன்னொரு புறா புடிச்சிக்கினு வரணுமாம்."

அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் பாதித் தட்டு காலி.